வத்தலக்குண்டில் பாட்டில் பொறுக்கும் இருவர்

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ்ஸை இன்னும் காணோம். தூறலுக்கு ஒதுங்கி, எஸ்.டி.டி. பூத்தை ஒட்டிய பழைய பாட்டில் கடையில் நிற்கிறேன். ஒரு பெண் சாக்கிலிருந்து காலி பீர் பாட்டில்களை எடுத்து, வாய் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்க்கிறாள். பிறகு இரண்டை லேசாக மோதவிட்டுக் காதுகொடுக்கிறாள். கணீரென்று கேட்டால் கூடைக்குப் போகிறது. இல்லையென்றால் திரும்பச் சாக்குக்கே. பக்கத்தில் பளபளக்கும் பிராந்தி பாட்டில்களை அவள் தொடவே இல்லை.

எதற்கு என்று கேட்கிறேன்.

"கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடணும் சார். எங்க வீட்டுது புளிப்பா, நுரையா இருக்கும். மூடி போட்ட பொறவும் உள்ள பொங்கிக்கிட்டே கெடக்கும். பீர் பாட்டில்தேன் அம்புட்டுக் காத்தையும் தாங்கும்."

"பிராந்தி பாட்டில் தாங்காதா?"

"போன வருசம் எனக்குக் காய்ச்சல். இவுகதேன் வந்து பொறுக்குனாக. அழகா இருக்குன்னு அதுல நாலு எடுத்தாந்துட்டாக."

அவள் காட்டிய பக்கம் அவள் கணவர் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இடது கண் இருந்த இடம் குழிந்து கிடக்கிறது.

"இந்த வருசம் கூட வர வேணாம்னேன். கேக்க மாட்டேங்குறாக."

அவள் அடுத்த இரண்டு பாட்டில்களை எடுக்கிறாள். அவை மோதுவதற்கு முன்பே, அவர் மிச்சமிருக்கும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்.