கப்பல் வணிகரின் கடிதப் புத்தகத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

பால் பாக்கெட்டைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பேன். மளிகைக் கடையில் தராசைப் பார்க்க மாட்டேன், கடைக்காரரின் கையைத்தான் பார்ப்பேன். "இவளுக்குக் கயிறெல்லாம் பாம்பு" என்று என் கணவர் நாங்கள் குடியிருக்கும் நஜ்மா பகுதி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

அப்படிப்பட்ட எனக்கு தோஹாவில் ஒரு வேலை கிடைத்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஓர் அமெரிக்கக் கப்பல் வணிகரின் வியாபாரத் தாள்களைப் படித்து, எதில் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அவருடைய கப்பல்கள் மஸ்கட்டுக்குத் துணி கொண்டுவந்து பேரீச்சம்பழம் ஏற்றிப் போயின. அந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் முதலாளி அந்தத் தாள்கள் அடங்கிய பெட்டிகளை விலைக்கு வாங்கியிருந்தார்.

வணிகரை எனக்குப் பிடித்துப் போனது. தான் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு தடித்த புத்தகத்தில் நகல் எழுதி வைத்திருந்தார். கப்பல் தலைவனுக்கு எழுதும்போது, உம்மை மகனைப் போல நம்புகிறேன் என்பார். அடுத்த வரியிலேயே, கூட வரும் சரக்குப் பொறுப்பாளர் மேல் ஒரு கண் இருக்கட்டும் என்பார். விவரமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கங்களைப் படம் எடுப்பது என்னோடு வேலை பார்த்த ஒரு கோயம்புத்தூர்க்காரர். மூச்சுக்கு மூச்சு 'ங்க' போடுவார். கதவைத் திறந்துவிடுவார், என் டீயை மூடி வைப்பார். நான் திருநெல்வேலிக்காரி. மரியாதை அளவுக்கு மீறினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் அந்தக் கடிதப் புத்தகத்தின் ஒரு பக்க ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. பேனாவைக்கூட உள்ளே விடாத அறை அது. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதலாளி காதுக்குப் போவதற்குள் யார் என்று தெரிய வேண்டும், தெரிந்தால் அந்த ஆள் கலாஸ், அன்றோடு வேலை காலி என்றார். "உங்களைத்தான் நம்புகிறேன். அவரைக் கொஞ்சம் கவனித்து வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள்."

எனக்குக் கவனிக்க என்ன இருக்கிறது? பூஜையன்று அவர் ஸ்கேனருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அவர்கள் ஊரில் பம்புசெட்டுக்குக்கூடப் பொட்டு வைப்பார்கள். மெஷினுக்கு வைத்த கை புத்தகத்தைச் சும்மா விடுமா? அவர் பெயரைச் சொல்லிவிடலாம் என்றே இருந்தேன். ஒன்றுதான் உறுத்தியது. என் விசா கணவருடைய விசாவோடு ஒட்டியது. எனக்கு வேலை போனால் சம்பளம்தான் போகும். கோயம்புத்தூர்க்காரருக்கு வேலை போனால் விசா போகும், போன மாதம்தான் பள்ளியில் சேர்ந்த மகளும் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

"பூஜையன்னைக்குப் புத்தகத்துக்கும் பொட்டு வச்சீங்களா?" என்று வாயைக் கிளறினேன்.

"அய்யோ, இல்லீங்கக்கா. அன்னைக்குப் புஸ்தகத்தத் தொடக் கூடாதுங்களே. பெட்டியவே தொறக்கலீங்க."

நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். நினைத்த கையோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பெட்டியைத் திறந்தது நான். ஆபீஸில் என்ன பூஜை என்று நாள் முழுக்க உட்கார்ந்து படித்தேன். வணிகரின் கையெழுத்து மங்கல். பூதக்கண்ணாடி வைத்த மேசை விளக்கில் நெற்றி முட்டக் குனிந்தால்தான் எழுத்து பிடிபடும்.

கோயம்புத்தூர்க்காரர் வெளியே போனதும் விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியின் விளிம்பில் சிவப்பாக ஒட்டியிருந்தது என் நெற்றிக் குங்குமம். அதிலிருந்துதான் பக்கத்தில் உதிர்ந்திருக்கிறது.

அறையில் யாரும் இல்லை. ஒரு துணியால் துடைத்தால் முடிந்தது. கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும்போல இருந்ததால் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன். தலைவனுக்கு எழுதிய அதே தேதியில், சரக்குப் பொறுப்பாளருக்கு வணிகர் எழுதிய கடிதம் இருந்தது. உம்மை மகனைப் போல நம்புகிறேன், தலைவன் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

கோயம்புத்தூர்க்காரர் திரும்பி வந்ததும் நேராகக் கேட்டேன். "மேனேஜர் உங்ககிட்ட என்னைப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டாருங்க. உங்களப் பாத்துக்கச் சொன்னாருங்க."

"என்ன சொன்னீங்க?"

"நாந்தான்னு சொல்லிப்போட்டேனுங்க. மெஷினுக்கு வச்ச குங்குமம் பறந்து உழுந்திருக்குமுங்க. வேற எப்படி வரும்?"

"நானும்தானே பொட்டு வச்சிருக்கேன். என் மேல சந்தேகம் வரலையா?"

"உங்க மேல எப்படிங்கக்கா?" என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. பிள்ளை குட்டிக்காரன் இப்படியா வெள்ளந்தியாக இருப்பது? அந்தக் கோபத்திலேயே விளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் விளக்கைப் பார்த்தார், பிறகு என் நெற்றியைப் பார்த்தார். அந்த மாதத்தோடு எனக்கு வேலை இல்லை.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். எழுத்துப் புரியாத பக்கம் வந்தால் கோயம்புத்தூர்க்காரர் படம் பிடித்து அனுப்புவார், படித்துச் சொல்வேன். போன வாரம் படம் இல்லாமல் ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் வந்தது.

"ஏனுங்கக்கா, உங்க எடத்துக்குப் புதுசா ஒரு ஆளு வந்திருக்காருங்க. அவர் மேல ஒரு கண்ணு வச்சுக்கன்னு மேனேஜர் சொல்றாருங்க. நானும் சரீன்னு சொல்லிப்போட்டேன். என்னத்தைங்க பாக்கோணும்?"

இரண்டு முறை கேட்டேன். யாரையும் சந்தேகப்படத் தெரியாத ஒரே ஆளையும் கெடுத்துவிட்டார்கள் என்று மனசு கசந்தது.

"மொதல்ல கண்ணாடில உங்க நெத்தியப் பாத்துக்கிடுங்க" என்று பதில் அனுப்பினேன்.