‘இஞ்சாருங்கோ’வுக்குக் கட்டணமில்லை

மொன்றியலில் சொந்தத்துக்குள் ஒரு கலியாணம். எங்கள் பழைய கார் அவ்வளவு தூரம் தாங்காது. நானும்தான் தாங்கமாட்டேன், பாதி வழியில் கிங்ஸ்டன் தாண்டினால் நித்திரை வந்துவிடும். அதனால் இன்று காலை எங்கள் மார்க்கம் நகரில் வாடகைக் கார் எடுக்கும்போது மனைவியையும் ட்ரைவராகப் பதியச் சொன்னேன்.

கவுண்டரில் இருந்தது தமிழ்ப் பிள்ளை. "ரெண்டாவது ட்ரைவருக்கு எக்ஸ்ட்ரா சார்ஜ் இருக்கு அங்கிள். ஸ்பவுஸ் எண்டா ஃப்ரீ."

"ஸ்பவுஸ்தான் பிள்ளை. என்ர மனுசி."

இரண்டு லைசென்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். "லாஸ்ட் நேம் வேறயாய் இருக்கே?"

என்னுடையதில் என் அப்பாவின் பெயர். மனைவியுடையதில் அவளுடைய அப்பாவின் பெயர்.

"ஒரே அட்ரஸ்தானே?" என்றேன்.

"கஸின்ஸும் ஒரே அட்ரஸில இருக்கினம் அங்கிள்."

போனில் எங்கள் கலியாணப் படம் தேடத் தொடங்கினேன். வாசலில் நின்ற மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சாருங்கோ! உதென்ன தேடுறியள்? காசைக் கட்டிப்போட்டு வாங்கோ, நேரம் போகுது!"

பிள்ளை சிரித்துவிட்டாள். "ஓகே அங்கிள், ஸ்பவுஸ்தான். எங்கட அம்மாவும் அப்பாவை உப்பிடித்தான் கூப்பிடுறவ."

எக்ஸ்ட்ரா கட்டணத்தை நீக்கிவிட்டாள்.

"எனக்கும் ஒரு பேர் இருக்கு, அதைச் சொல்லிக் கூப்பிடு" என்று கலியாணம் கட்டிய நாளிலிருந்து சண்டை பிடித்தவன் நான். இனி வாய் திறக்கமாட்டேன்.

இப்போது மனைவிதான் ஓட்டுகிறாள். நான் பக்கத்து சீட்டில் சொகுசாக இருந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் பெயர் சொல்லியா கூப்பிடுகிறார்கள்? அப்ப நீங்கள் கட்டணம் கட்டத்தான் வேணும்.