செவலையின் கயிற்று லாடம்

சீனி முகம்மது யாரையும் முகத்தைப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்பவர் அல்ல. மனிதராக இருந்தால் நடை, குதிரையாக இருந்தால் குளம்பு. "அந்த இடது கால் இழுத்து நடக்கிறவர் வந்துட்டுப் போனார்" என்றுதான் மனைவி ஜன்னத்திடம் சொல்வார். ஜன்னத்துக்கும் அது பழகிப்போய்விட்டது.

அவருடைய லாடப் பட்டறை சூலியா ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. அதற்கு முன் நெடுங்காலம் பினாங்குக் குதிரைப் பந்தய லாயத்தில் வேலை பார்த்தவர். மழையில் நனைந்த புல்தரையில் எந்தக் குதிரைக்கு எந்த லாடம் என்று பயிற்சியாளர்கள் அவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். துரைமார் இரவோடு இரவாகக் கப்பலேறினார்கள். லாயத்துக் குதிரைகளில் நல்லவை பட்டாளத்துக்கும் மற்றவை கசாப்புக்கும் போயின. குளம்பு வெடித்த செவலைப் பெட்டை ஒன்று மட்டும் யாருக்கும் வேண்டாமல் நின்றது. சீனி முகம்மது அதை நடத்திக் கூட்டி வந்து, குளம்பை ஆற்றி, சின்னையாவிடம் ஒப்படைத்தார்.

சின்னையா லாரி ஓட்டியவர். பெட்ரோல் இல்லாத ஊரில் லாரி எதற்கு? அதன் பின்பாதியை அறுத்தெடுத்து வண்டியாக்கி, முன்னால் செவலையைப் பூட்டினார். ஆயர் ஈத்தாமிலிருந்து மரவள்ளிக் கிழங்கை ஏற்றிவந்து, ஜப்பான்காரர் நடத்திய குமியாய் என்ற சரக்குச் சங்கத்தின் கிடங்கில் இறக்குவது வேலை. அதற்காக அவர் கையில் முத்திரை குத்திய துணிப்பட்டை ஒன்று கட்டியிருந்தது.

அந்தப் பட்டைதான் சின்னையாவின் உயிர். 1943இல் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாசாரில் மீன் வாங்க நின்றவனை, படக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தவனை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. பட்டை கட்டியவனை மட்டும் விட்டுவிடுவார்கள். குதிரை இருந்தால் வண்டி. வண்டி இருந்தால் பட்டை.

அந்த ஆண்டு மழைக்காலம் தொடங்கியபோது சாலைகள் முன்போல இல்லை. பட்டாள லாரிகளுக்கும் உண்மையான எண்ணெய் கிடைக்காமல் செம்பனை எண்ணெயை ஊற்றி ஓட்டினார்கள். அது வழியெல்லாம் சொட்டியது. மேலே ஒரு தூறல் விழுந்தால் தார்ச்சாலை வெண்டைக்காய்ப் பிசுக்கு மாதிரி ஆகிவிடும். செவலை முதல்முறை விழுந்தது டத்தோ கிராமாட் ரோட்டில். முழங்கால் சிராய்ப்போடு எழுந்துகொண்டது.

"பாய், இது பந்தயத்துல ஓடின குதிரைதானே? என் பாட்டி மாதிரி விழுதே" என்று சின்னையா பட்டறையில் வந்து சிரித்தார்.

"குதிரையைக் குறை சொல்லாதே. லாடம் சும்மா தட்டையா இருக்கு, அதான். ஈரப் புல்லுல பிடிக்கிறதுக்கு நான் என்ன போடுவேன் தெரியுமா?"

ஒவ்வொரு லாடத்தின் பின்முனைகளிலும் விரல்நுனி உயரத்துக்கு இரும்புக் குமிழ் வைத்து அடித்துக் கொடுத்தார். பந்தயத் திடலில் பேர் வாங்கிய வேலை அது. ஈரப் புல்லில் குமிழ் மண்ணைக் குத்திப் பிடிக்கும். செவலை புதுச் செருப்புப் போட்ட பெண்ணைப்போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து போயிற்று.

சுங்கை பினாங்குப் பாலத்தின் சரிவு முடிகிற இடத்தில் ஒரு காவல் நிலை இருந்தது. யார் வந்தாலும் அங்கே நின்று, இறங்கி, சிப்பாய்க்குக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். மழையில், இறக்கத்தில், பாரத்தோடு, சரியாக அவன் முன்னால் குதிரை நிற்க வேண்டும். செவலை நிற்கவில்லை. நான்கு காலும் ஒன்றாக வழுக்கி, சிப்பாயின் பூட்ஸ் மேலேயே மூக்கு இடிக்க விழுந்தது. மரவள்ளிக் கிழங்கு சாலை முழுக்க உருண்டது. சின்னையாவுக்குக் கன்னத்தில் விழுந்த அறையில் காது இரண்டு நாள் இரைந்தது.

மறுநாள் குமியாயில் கணக்கெழுதும் கிராணி கதிர்காமநாதன் சின்னையாவைக் கூப்பிட்டனுப்பினார். சீனி முகம்மதுவும் கூடவே போனார். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"சின்னையா, நான் சொல்லுறதைக் கோவிக்காமல் கேளும். மாதக் கடைசியில பட்டை புதுப்பிக்க வேணும். அதுக்குள்ள இன்னொருக்கா விழுந்தால் குதிரையைக் கசாப்புக்கு எடுக்கச் சொல்லிப்போட்டினம். பிறகு உமக்குப் பட்டை இல்லை. விளங்குதோ?"

"விளங்குது ஐயா."

"வேற வழியால சுத்திப் போகேலாதோ?"

"எந்த வழியா போனாலும் ஒரு சிப்பாய் நிக்கிறானே ஐயா. வணங்காம போக முடியுமா?"

வெளியே வந்ததும் சீனி முகம்மது சொன்னார்: "உன்னை விழ வச்சது நான். நிக்க வைக்கிறதும் நான்தான்."

"விடுங்க பாய். சயாமுல குளிருமாம், ஒரு போர்வை மட்டும் கொடுங்க."

சீனி முகம்மது சிரிக்கவில்லை. நேராகப் பாலத்துக்குப் போனார். சிப்பாய்க்கு வணங்கிவிட்டு, செருப்பு அறுந்ததுபோல உட்கார்ந்து சாலையைப் பார்த்தார். தாரின் மேல் வெள்ளைக் கோடுகள், இரட்டை இரட்டையாக, நேராக ஓடியிருந்தன. குமிழ்கள் எங்கும் குத்தவில்லை, தேய்த்துக்கொண்டு போயிருக்கின்றன. புல் குத்தினால் இடம் கொடுக்கும், தார் கொடுக்காது. அதைவிட மோசம், குமிழ் குளம்பைத் தரையிலிருந்து தூக்கிவிட்டது. குளம்பின் நடுவே முக்கோணமாக ஒரு மெத்தென்ற பகுதி உண்டு. குதிரை தரையைப் பிடிப்பதே அதை வைத்துத்தான். அதைத் தரை தொடாதபடி செய்துவிட்டு, பிடிக்கவில்லை என்று குதிரையைத் திட்டியிருக்கிறோம். பந்தயத் திடலில் கற்ற வித்தையை மூளை இல்லாமல் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்த முட்டாள்தனம் என்று அவர் தம்மைத் தாமே வைதுகொண்டார்.

அன்றே குமிழ்களை அறுத்தெறிந்தார். அடுத்து ரப்பர். வாங்க ஆளில்லாமல் தோட்டங்களில் ரப்பர் மலையாகக் கிடந்த காலம் அது. பழைய டயரை லாட வடிவில் வெட்டி இரும்புக்கு அடியில் வைத்து ஆணி அடித்தார். முதல் நாள் நன்றாகப் பிடித்தது. ஆனால் குதிரை அடிவைக்கும் போதெல்லாம் ரப்பர் அமுங்கி எழுந்ததில், ஆணிகள் ஆடத் தொடங்கின. செம்பனை எண்ணெய் பட்டுப் பட்டு ரப்பர் ஊறிக் கொழகொழத்தது. ஒரு வாரத்தில் சின்னையா லாடத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாய், இதை சந்து முனையில இருக்கிற சலேஹா அக்கா கடையில ரொட்டின்னு வித்துடலாம்லா. இப்ப வர்ற ரொட்டியைவிட மெத்துன்னு இருக்கு."

ஜன்னத் உள்ளிருந்து கேட்டாள்: "இரும்பும் சரியில்ல, ரப்பரும் சரியில்ல. அடுத்தது என்னாங்க, என் சேலையா?"

"தேவைப்பட்டா கேக்குறேன்" என்றார் சீனி முகம்மது.

குமிழும் வேண்டாம், மெத்தையும் வேண்டாம். இரும்பு இரும்பாகவே கெட்டியாக இருக்க வேண்டும்; ஆனால் அதன் அடிப்பக்கம் வழவழப்பாகக் கூடாது. எந்த இரும்பையும் தார்ச்சாலை சில நாளில் கண்ணாடி ஆக்கிவிடுகிறது. தேயத் தேயச் சொரசொரப்பாகிற பொருள் எது? சாப்பிடும்போதும் தொழுதுவிட்டு எழும்போதும் அது ஒன்றுதான் அவர் தலையில் ஓடியது.

விடை துறைமுகத்தில் கிடைத்தது. கரி வாங்கப் போனவர், மழையில் தொங்கான் என்ற சரக்குப் படகிலிருந்து மூட்டை இறக்குவதைப் பார்த்து நின்றுவிட்டார். சீனக் கூலிகள் முதுகில் பாரத்தோடு, ஒற்றைப் பலகையில், வெறுங்காலோடு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். ஒருவர்கூட வழுக்கவில்லை. பலகையைச் சுற்றித் தேங்காய் நார்க் கயிறு வரிந்திருந்தது. எத்தனை மாதத்துக் கயிறோ. மேல்பாதி தேய்ந்துபோய், நார் நுனிகள் முள்ளாக நிமிர்ந்து நின்றன. தேய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். தேயாத இடத்தைவிட அதுதான் அதிகம் பிடித்தது. மேஸ்திரி வந்து, கயிறு திருடவா வந்தாய் என்று மலாயில் அதட்டும்வரை தடவிக்கொண்டிருந்தார். அன்று கரி வாங்கவில்லை.

குண்டு விழுந்த கிடங்கு ஒன்றின் சன்னல் கம்பிகள் பட்டறையில் இருந்தன. அவற்றைக் காய்ச்சி லாடமாக வளைத்து, அடிப்பக்கம் முழுவதும் நடுவில் ஆழமாக ஒரு பள்ளம் இறக்கினார். பள்ளத்தில் நார்க் கயிற்றை வைத்து இறுக்கினார். அன்று மாலையே கயிறு பிய்ந்து வந்துவிட்டது. பள்ளத்தின் வாய் அகலம் என்று புரிந்தது. அடுத்ததில், அடி அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருக்கும்படி விளிம்புகளை உள்நோக்கித் தட்டினார். கயிற்றைத் தாரில் நனைத்து, மழுங்கிய உளியால் இடைவெளி இல்லாமல் அடித்து அடித்து ஏற்றினார். இதில் மூன்று லாடம் விரிசல் விட்டது. நான்காவது நின்றது. கயிற்றைக் குறடால் பிடித்து இழுத்தார், வரவில்லை. சின்னையாவை இழுக்கச் சொன்னார். குறடு வழுக்கிச் சின்னையா தரையில் உட்கார்ந்தார்.

"கயிறு பிடிக்குது பாய். நான்தான் வழுக்குறேன்."

குமிழ் இல்லாமல் லாடம் தாழ்வாக இருந்ததால் குளம்பின் மெத்தென்ற பகுதியும் தரையைத் தொட்டது. இரும்பு, கயிறு, குளம்பு மூன்றும் சேர்ந்து சாலையைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. நான்கு காலுக்கும் அடித்து முடித்தபோது மாதக் கடைசி நெருங்கிவிட்டது.

மறுநாள் காலையிலிருந்தே மழை. சின்னையா வண்டியைப் பூட்டிக்கொண்டே, "இன்னிக்கு ஒரு நாள் பாரத்தைக் குறைச்சு ஏத்திக்கிறேன் பாய்" என்றார்.

"கூடாது. வழக்கமா ஏத்துறதை ஏத்து."

"விழுந்தா?"

"பாரத்தைக் குறைச்சு இன்னிக்கு நின்னா, நாளைக்கு விழும். அது எனக்கு வேணாம்."

"சயாமுக்குப் போறது நீங்க இல்லையே."

சீனி முகம்மது வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பிறகு, "நானும் வண்டியில வர்றேன். விழுந்தா, லாடம் அடிச்சவன் நான்னு சிப்பாய்கிட்ட நானே சொல்றேன். ரெண்டு பேரையும் ஏத்தட்டும்" என்றார். சின்னையா அவரைப் பார்த்தார். கேலி எதுவும் வரவில்லை. முழுப் பாரமும் ஏறியது.

பாலத்தின் உச்சியில் மழை கண்ணை மறைத்தது. கீழே சாலையில் எண்ணெய் வானவில்லாகப் பரவிக் கிடந்தது. சின்னையா கடிவாளத்தை இழுத்தார். வண்டியின் பாரம் பின்னாலிருந்து தள்ள, செவலையின் பின்னங்கால்கள் ஒரு சாண் சறுக்கின. சீனி முகம்மது கண்ணை மூடவில்லை, குளம்பையே பார்த்தார். சறுக்கிய கால் ஓர் இடத்தில் நின்றது. பிறகு அடுத்த கால். செவலை பின்பக்கத்தைத் தாழ்த்தி, மூச்சு வாங்கி, சிப்பாய்க்கு ஒரு கஜம் முன்னால் அசையாமல் நின்றது.

இருவரும் இறங்கி வணங்கினார்கள். சிப்பாய்க்குக் குதிரையை நினைவிருந்தது. அருகே வந்தான். செவலையின் முன்னங்காலைச் சுட்டித் தூக்கச் சொன்னான். சீனி முகம்மது தூக்கிப் பிடித்தார். சிப்பாய் துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, கட்டைவிரலால் கயிற்றை ஒருமுறை அழுத்தித் தேய்த்தான். தன் நாட்டில் குதிரை வைத்திருந்தவனோ என்னவோ, அழுத்திய விதம் தெரிந்தவன் அழுத்தியதுபோல இருந்தது. போ என்று கையை வீசினான்.

மாதக் கடைசியில் கதிர்காமநாதன் புதுப் பட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தார். இம்முறை சன்னலைப் பார்க்கவில்லை. "இனி விழாதெண்டு சொல்லுறீரோ?" என்று சீனி முகம்மதுவைக் கேட்டார்.

"கயிறு இருக்கிற வரைக்கும் விழாது, கிராணி ஐயா. கயிறு தேஞ்சா மாத்தணும். அது என் வேலை."

மற்ற வண்டிக்காரர்களும் சந்தில் வரிசையாக வந்து நின்றார்கள். ஜப்பான்காரன் போகும்வரை சீனி முகம்மது அவர்களுக்கும் கயிற்று லாடம் அடித்தார். சின்னையா சயாமுக்குப் போகவில்லை.

பட்டை கிடைத்த அன்று சின்னையா பட்டறைக்கு வந்து, அதைக் கட்டிய கையை உயர்த்திக் காட்டினார். சீனி முகம்மது கையைப் பார்க்கவில்லை. குனிந்து செவலையின் இடது பின்னங்காலைத் தூக்கி மடியில் வைத்து, கயிற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"வெளிப்பக்கம் சீக்கிரம் தேயுது. இந்தக் காலை வெளியே அகட்டி வைக்கிறா. வண்டியை அவிழ்த்துவிடு, இதை இப்பவே மாத்திடலாம்."

"பாய், நான் உங்களைப் பாக்க வந்தேன்."

"பாத்தாச்சுல்ல? துருத்தியைப் பிடி."