செருப்புக் கடைக்கு மேலே கூடிய சபை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது. மறதியும் ஜாஸ்தி. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நம் சபை லாங் பஜாரில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மாடி அறையில் கூடியது. கைவண்டி இழுப்பவர்கள், கடைகளில் வேலை செய்யும் பெண்கள் இவர்களுக்கெல்லாம் ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போக நேரம் வாய்க்காது. அதனால் போதகர் ஐயா சாயங்காலம் கூட்டம் வைத்தார். நான் ஆம்பூர் ரோட்டு ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தேன். என் மேல் தோல் வாசனை அடித்தாலும் அங்கே யாரும் தள்ளி உட்காரமாட்டார்கள். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல மட்டும் நான் எழுந்ததே இல்லை. நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

செருப்புகளைக் கீழ்ப் படியில் விட்டுவிட்டு ஏறுவோம். படி, கடை வாசலை ஒட்டியே இருந்தது. ஒருநாள் ஜெபம் முடிந்து இறங்கினால், கடைக்கார பாய் கத்திக்கொண்டிருந்தார். கடையில் புதிதாகச் சேர்ந்த ஆள், படியில் இருந்த ஒரு ஜோடியைச் சரக்கு என்று நினைத்து விற்றுவிட்டான். வாங்கின அம்மா உள்ளே கால் தடத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து சண்டை போட்டிருக்கிறார்.

“இன்னா ஐயா, ஒரே பேஜாரா போச்சு! என் கடை பேரு இன்னா ஆவறது? அடுத்த மாசம் வேற இடம் பாத்துக்குங்க.”

பாட்டுச் சத்தத்துக்குப் பயந்து பஜாரில் வேறு யாருமே எங்களுக்கு அறை தரவில்லை. பாய் அந்த ஜோடியைத் தூக்கிக் காட்டினார். “யாருது இது?”

“என்னுது பாய்.” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“எந்தக் கடையில வாங்கினம்மா?”

“கம்பெனில கழிச்ச தோல்ல நானே தைச்சது.”

பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வண்டிக்காரர், “இன்னா பாய், உன் சரக்கவிட நல்லா கீதா?” என்றார். பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் சொன்னேன்: “இனிமே கீழ ஒரு செருப்பும் இருக்காது பாய். எல்லாத்தையும் நானே மேல எடுத்துனு போய்ட்றேன்.”

“வாராவாரம் செய்வியா?”

“செய்றேன் பாய்.”

“அப்ப இருங்க.”

அடுத்த ஞாயிறு இரண்டு கோணிப்பையோடு போனேன். அந்த வண்டிக்காரர் கூச்சப்பட்டார். “சேறா கீது, நீ தொடாதக்கா.”

“குடுப்பா. நாள் முழுக்கத் தோல் தொட்ற கை இது.”

பிறகு சொந்தக் கட்டடம் வரும்வரை, மேல்படியில் பைகளைக் காத்துக்கொண்டுதான் பிரசங்கம் கேட்டேன். இப்போது பலர் ஷூவோடே உள்ளே வருகிறார்கள். என்னை முன் வரிசையில் உட்கார வைக்கிறார்கள். கை சும்மா கிடக்கிறது.

கோணிப்பையோடு போன அன்றைக்கு, ஆண்டவர் தம் சீஷர்களின் கால் கழுவின வேதப் பகுதியைத்தான் ஐயா வாசித்தார் என்று நினைவு. நானாகப் பிற்பாடு சேர்த்துக்கொண்டேனோ என்னவோ. அன்று அறைக்குள்ளே இருந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.