அப்பா வாடகைக்கு எடுத்த வண்டி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக நிலம் வாங்கியவர் அப்பாதான். வாலாஜாபாத்திலிருந்து திருமுக்கூடல் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஐம்பது சென்ட். அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் வயலில் இறங்கியதெல்லாம் அடுத்தவர் நாற்றைப் பிடுங்கவும் அடுத்தவர் நெல்லை அறுக்கவும்தான். வாங்கிய நிலத்திலும் உடனே ஒன்றும் செய்ய முடியவில்லை. விற்றவர் அதில் தைலமரம் வைத்திருந்தார். மரங்களையெல்லாம் வெட்டி ஏற்றிக்கொண்டு போனவர் அடிக்கட்டைகளை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்திருந்தார். வரிசைக்கு ஆறாக முப்பத்தாறு கட்டைகள். அது போதாதென்று மூலையில் ஒரு பழைய புளியங்கட்டை. நானும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்தாலும் அதில் இடம் மிச்சமிருக்கும்.

தைலமரக் கட்டை சும்மா விட்டால் சாகாது. அந்த வருஷத்து மழை முடிந்தபோது ஒவ்வொரு கட்டையின் தலையிலும் துளிர் கொத்துக்கொத்தாக எழும்பி நின்றது. "இதுங்கள வேரோட எடுக்காம ஏர் ஓட்ட முடியாது" என்றார் அப்பா.

எனக்கு இதில் கவலையே இல்லை. அப்பா ஜேசிபி ஓட்டுகிறவர். காஞ்சிபுரத்தில் ஒரு முதலாளியிடம் பத்து வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பட்டுப்புடவைக் கடைகள் இருக்கும் தெருவில் அம்மாவோடு நடந்தால், மூன்று மாடிக் கடை ஒன்றைக் காட்டி "இதுக்குப் பள்ளம் எங்கப்பா எடுத்தது" என்று வழியில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொல்வேன். அந்தக் கடைக்குள் நாங்கள் ஒருமுறையும் போனதில்லை என்பது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை. வகுப்பிலும் அறிவித்துவிட்டேன். எங்கப்பா ஒரே நாளில் எல்லாக் கட்டையையும் பிடுங்கப் போகிறார், நான் அவர் மடியில் உட்கார்ந்து கைப்பிடியை ஆட்டப் போகிறேன் என்று.

அப்பாவின் முதலாளி நல்ல மனிதர். விஷயம் கேள்விப்பட்டதும், ஞாயிற்றுக்கிழமை வண்டி சும்மாதானே நிற்கிறது, டீசல் மட்டும் போட்டுக்கொண்டு நீயே எடுத்துப் போய் வேலையை முடித்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அப்பா வேண்டாம் என்று வந்துவிட்டார்.

அம்மாவுக்கு இது தாங்கவில்லை. ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தறிக்காரர் வீட்டில் அம்மா நூலைத் தார் சுற்றுவாள். அன்றைக்கு அங்கிருந்து வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்.

"அவரே குடுக்கறேன்னு சொல்றாரு. உனக்கு இன்னா வந்துச்சு?"

"அந்த வண்டி அங்க ஆவாதுமா. டயர் வண்டி. மழை பேஞ்ச மண்ணு, உள்ள எறங்கிச்சின்னா பொதைஞ்சிக்கும்."

"அப்போ மண்ணு காயட்டும். ஒரு மாசம் பொறுத்துப் போடு."

"அதுக்குள்ள தைலம் இன்னும் வேர் உட்டுடும்" என்றார் அப்பா. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். வண்டி விஷயத்தில் அப்பா சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. நானும் முழுசாக நம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் அப்பா வீட்டுக்குத் திரும்பாமல் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு நேராக வாடகை வண்டி பார்க்கக் கிளம்பினார். ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் ஒரு பேனா. அப்பா பேனா வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

முதலில் போனது காஞ்சிபுரத்தின் எல்லையில் ஒரு பெரிய செட்டு. மஞ்சள் வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் கண்ணாடிக் கதவு போட்ட அறை. உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தவர் அப்பாவின் சட்டையைப் பார்த்ததும் பாதி எழுந்து, "வாங்க சார், உக்காருங்க" என்றார். எங்களுக்கு எதிரே இரண்டு மெத்தை நாற்காலிகள். அப்பா சட்டையைப் பின்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ரெண்டு டீ, பாப்பாக்கு ஒரு பாதாம்பால்" என்று வெளியே குரல் கொடுத்தார் அவர்.

அப்பா பேசியது எனக்குப் புதிதாக இருந்தது. "கட்டை எடுக்கறதுக்கு எந்த வண்டி சரியா இருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் விளக்கினார். டயர் வண்டி என்றால் இப்படி, டயர் இல்லாமல் சங்கிலிப் பட்டைமேல் ஊர்கிற செயின் வண்டி என்றால் இப்படி, மண் அள்ளும் வாளிக்குப் பதிலாக ஒற்றைப் பல் மாட்டினால் வேரைக் கீறி எடுக்கும். அப்பா ஒன்றும் தெரியாதவர் போல "ஓஹோ" என்று கேட்டுக்கொண்டார். அந்த ஒற்றைப் பல்லை மாட்டிக் கழற்றிவிட்டு அப்பா ராத்திரிகளில் கையில் கிரீஸோடு வீட்டுக்கு வருவது எனக்குத் தெரியும். அவர் எப்படி இதையெல்லாம் மறந்தார் என்று எனக்குப் புரியவில்லை. அந்த மனிதர் என் அப்பாவை ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிடப் போகிறாரே என்று எனக்கு வேர்த்தது.

"எங்கப்பாவே ஜேசிபி டிரைவர்தான்" என்றேன். "பத்து வருசமா ஓட்டறாரு. அவருக்கு எல்லாம் தெரியும்."

அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அட, நம்ம லைன்தானா நீ? மொதல்லயே சொல்லக் கூடாதாப்பா, நான் பாட்டுக்கு சாரு மோருன்னுக்கினு இருக்கேன்! யாரு வண்டில ஓடற?"

அப்பா முதலாளியின் பெயரைச் சொன்னார்.

"வண்டி வெளியதான் நிக்குது, போய் நீயே பாத்துக்கோ. டிரைவர் எதுக்கு உனக்கு? நீயே எடுத்துக்கினு போய்ப் போட்டுக்கோ. உனக்குன்னா நான் கொறச்சிதான் வாங்குவேன்."

எனக்கு வெற்றி. என்னால் வாடகை குறைந்துவிட்டது. அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அந்த நேரம் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வேறொருவர் வந்தார். மேசைக்காரர் "வாங்க சார்" என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். எழுந்திரு என்று சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அப்பா எழுந்து நின்றார். வந்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். டீ வந்தது. அப்பா அதைச் சுவரோரமாக நின்றபடி குடித்தார். நான் மட்டும் மெத்தை நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு பாதாம்பாலைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினேன்.

வெளியே வந்து அப்பா ஒரு வண்டியின் வாளிப் பற்களை விரலால் தடவிப் பார்த்தார். "பல்லு தேஞ்சிருக்குது. இது புளிக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டு எங்கள் பைக்கை எடுத்தார். எனக்கு அந்தப் பற்கள் நன்றாகத்தான் தெரிந்தன.

அப்பா என்னைத் திட்டவில்லை. வாலாஜாபாத்துக்குள் நுழைகிற இடத்தில் நிறுத்தி எனக்கு ஒரு கரும்புச் சாறு வாங்கிக்கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, "அடுத்த எடத்துல நீ ஒண்ணும் சொல்லாத மா" என்றார். "அப்பா பேசிக்கறேன்."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். கோபம் இல்லாததால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரண்டாவது இடம் ஓர் அரிசி ஆலைக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட செட்டு. கணவர் வண்டிகளோடு வெளியூர்களில் இருக்க, வாடகைப் பேச்சையெல்லாம் பார்த்துக்கொள்வது அவர் மனைவி. தடித்த கண்ணாடி போட்ட அம்மாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முதலாளித்தனமாக எதுவும் பேசவில்லை, கேள்விதான் கேட்டார்.

"எத்தினி கட்டைங்க? இன்னா மரம்?"

அப்பா சொன்னார்.

"பாதை எவ்ளோ அகலம் இருக்குது? நடுவுல பாலம் கீலம் இருக்குதா?"

கால்வாய்மேல் ஒரு சின்னப் பாலம் இருந்தது. டிராக்டர் போகும்.

"அப்போ பெரிய செயின் வண்டி போவாதுங்க, பாலம் உக்காந்துடும். பக்கத்து நெலத்து வழியா எறக்கினாதான் உண்டு."

"அங்க நெல்லு நிக்குதுமா" என்றார் அப்பா. "கதிர் புடிக்கற நேரம். அது மேல ஏத்தக் கூடாது."

அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அப்பாவை ஒருமுறை பார்த்தார். "குட்டி செயின் வண்டி ஒண்ணு கீது. லாரில வெச்சு பாலத்துக்கு இந்தப் பக்கம் எறக்கிட்டா, அதுவா ஊந்துக்கினு போயிடும். மண்ணுல பொதையாது. தைலத்தைக் கீரை புடுங்கற மாதிரி புடுங்கிடும். புளிதான், சொல்லிட்டேன், மல்லுக்கட்டும். அவசரப்பட்டா ஆவாது."

அப்பா வெளியே போய் அந்த வண்டியைச் சுற்றி வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார், தொடவில்லை. ஓரிடத்தில் குழாய் மூட்டில் எண்ணெய் கசிந்திருந்தது. குனியப் போனவர் நிமிர்ந்துகொண்டார்.

உள்ளே நான் அந்த அம்மாளோடு தனியாக இருந்தேன். "உங்கப்பா இன்னாமா வேலை பாக்கறாரு?" என்று கேட்டார்.

நான் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டேன். உலகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. "தெரியாது" என்றேன்.

"அப்பா இன்னா வேலை பாக்கறாருன்னு தெரியாதா? நல்ல பொண்ணு போ!" என்று அந்த அம்மாள் சிரித்தார். என் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். வந்து என் தலைமேல் கையை வைத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாக.

குட்டி வண்டியே முடிவாயிற்று.

அது வந்த அன்று பொழுது விடிந்ததும் மூவரும் நிலத்துக்குப் போய்விட்டோம். டிரைவர் மீசை சரியாக முளைக்காத அண்ணன். அப்பா அதே வெள்ளைச் சட்டையில், கறுப்புக் குடை பிடித்து நின்றார். அப்பாவும் குடையும்! கொளுத்துகிற வெயிலில் நாள் முழுக்கத் தகரக் கூண்டுக்குள் உட்காருகிறவர். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்திருந்தேன். மடியில் உட்காருவது இல்லை என்று ஆகிவிட்டது. திங்கட்கிழமை வகுப்பில் என்ன சொல்வேன்?

தைலமரக் கட்டைகள் அந்த அம்மாள் சொன்னபடிதான் வந்தன. ஒவ்வொன்றும் மண்ணோடு புரண்டு விழும்போது தைலத்தின் வாசனை குப்பென்று எழுந்து மூக்கைக் கூசவைத்தது. மதியச் சோற்றுக்குள் முப்பத்தாறும் முடிந்தன. பிறகு புளி.

டிரைவர் அண்ணன் நேராகப் போய் வாளியைக் கட்டைக்கு அடியில் கொடுத்து நெம்பினான். கட்டை அசையவில்லை. வண்டியின் பின்புறம் தூக்கிக்கொண்டது. மறுபடி நெம்பினான். இந்த முறை வண்டி இன்னும் மேலே எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தடாரென்று விழுந்தது. அம்மா "ஐயோ ஏசுவே" என்று கத்தினாள். நான் அப்பாவிடம் ஓடி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ ஏறி ஓட்டுப்பா! அந்த அண்ணனுக்குத் தெரியல. நீ ஏறுப்பா!"

இயந்திரச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பாவின் வலது கை காற்றில் கைப்பிடியைத் தேடுவது போலத் தானாக அசைந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். குடையை மடக்கினார். ஏறப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கட்டையருகே போய், கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொல்லி, குடை நுனியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார்.

"மூணு பக்கமும் இப்பிடி பள்ளம் எடுத்துக்கோப்பா. பக்க வேரை மொதல்ல அறுத்துடு. அப்பால அந்தப் பக்கம் போயி மேல கை வெச்சுத் தள்ளு. நெம்பாத, தள்ளு. பொறுமையா பண்ணு, ஒண்ணும் அவசரமில்ல."

டிரைவர் அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அப்பாவை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க வண்டி ஓட்டுவீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. புரிந்து அல்ல, சொன்னால் மறுபடி கரும்புச் சாறு வாங்கிக்கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில்.

"பாத்திருக்கேன்பா" என்றார் அப்பா.

பொய் சொன்னால் வாயில் சூடு போடுவேன் என்று என்னிடம் சொல்கிறவர்.

பள்ளம் எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வேர்கள் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம் கேட்டது. கடைசியில் வண்டி மறுபக்கம் ஊர்ந்து போய், கையை உயர்த்திக் கட்டையின் தலையில் வைத்துத் தள்ளியது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மண்ணுக்குள் எங்கோ முறிகிற ஓசை. புளியங்கட்டை மெதுவாக, தூக்கத்தில் புரண்டு படுப்பது போலச் சாய்ந்தது. அடியில் கிடந்த மண் சிவப்பாக, ஈரமாக இருந்தது. அம்மா அதில் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள்.

டிரைவர் அண்ணன் அந்தக் கட்டையை வாளியால் கவ்வித் தூக்கிக்கொண்டு, கூண்டிலிருந்து தலையை நீட்டி உரக்கக் கேட்டான்.

"ஓனரே! இத எங்க போடட்டும்?"

அப்பா பதில் சொல்லாமல் நின்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். கட்டை காற்றில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அவருக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து நான் ஓடிப்போய் அவர் கையை இழுத்தேன். "அப்பா, அந்த அண்ணன் உன்னத்தான் கேக்கறாரு. எங்க போடணும்னு சொல்லுப்பா."

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர அப்போதும் வாயைத் திறக்கவில்லை. டிரைவர் அண்ணன் இன்னொரு தரம், முன்னைவிடச் சத்தமாக, "ஓனரே!" என்று கூப்பிட்டுக் கேட்டான். அப்புறம்தான் அப்பா கையை நீட்டி இடத்தைக் காட்டினார். முதல் தடவையே அவருக்கு நன்றாகக் கேட்டிருந்தது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.