வளரக் கூடாது என்று இருந்தேன்

கப்பலேற்றி விடும்போது அம்மை சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இப்படியே இரு மக்கா. அப்பாவக் கூட்டிக்கிட்டு அம்மை வந்துருவேன்."

பர்மாவுக்குச் சுதந்திரம் வந்த கொஞ்ச காலத்திலேயே உள்நாட்டுச் சண்டை மூண்டுவிட்டது. ரங்கூனில் இருந்த நம்மவர்கள் பிள்ளைகளை முதலில் ஊருக்கு அனுப்பினார்கள். அப்பா காய்ச்சலில் கிடந்தார். அவரை விட்டுவிட்டு அம்மை எப்படி வருவாள்? பக்கத்து வீட்டுக்காரர்களோடு என்னை அனுப்பிவைத்தாள். ஆரல்வாய்மொழியில் அம்மையின் தங்கச்சி, என் சித்தி, வீட்டில் வந்து சேர்ந்தேன். எனக்கு அப்போது ஆறு வயசு. சித்திக்கு ஒரு கைக்குழந்தை இருந்தது.

சமத்தாக இரு என்பதைத்தான் அம்மை அப்படிச் சொல்லியிருப்பாள். என் மரமண்டைக்கு அது வேறு மாதிரி ஏறிவிட்டது. நான் கொஞ்சம் மாறினாலும் அம்மைக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும், பார்க்காத மாதிரி தாண்டிப் போய்விடுவாள் என்று பயந்தே செத்தேன்.

கழுத்தோடு வெட்டிய முடியை வளர்த்துப் பின்னல் போடலாம் என்றாள் சித்தி. நான் போட்ட கூப்பாட்டில் தெருவே எட்டிப் பார்த்தது. கப்பலில் போட்டுவந்த கவுனைக் கக்கத்தில் தையல் விட்ட பிறகும் கழற்றவில்லை. சித்தி ஆசையாகத் தைத்துத் தந்த பாவாடையைத் தூக்கி மூலையில் எறிந்தேன். "ரங்கூன் பிடிவாதம்லா இது" என்று சித்தப்பா சிரித்தார். அந்த மனுஷனுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புதான்.

பள்ளிக்கூடத்தில் 'பர்மாக்காரி' என்று கேலி செய்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் இன்னும் மாறவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

அப்புறம் ஒருநாள் சித்தி தன் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "ஒரு வாய் வாங்கு மக்கா, அப்பதானே அக்கா மாதிரி வளருவ?" சோறு தின்றதால்தான் கவுன் பத்தாமல் போனதா! அன்றிலிருந்து தட்டில் போட்டதில் பாதி கோழிக்கும் காக்காய்க்கும்தான் போனது.

கடைசியில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தேன். சித்தி நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நோய் ஒன்றும் இல்லை, பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறது என்று டாக்டர் அவளைத்தான் திட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "என்னட்டி செய்யுது உனக்கு? நான் உனக்கு என்ன கொறை வச்சேன்?" என்று அழுதாள். அவள் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, "கூறுகெட்டவளே, இப்படி எலும்பும் தோலுமா நின்னா உங்கம்மைக்கு எப்படிட்டி அடையாளம் தெரியும்?" என்றாள்.

அது எனக்கு நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்ததும் நான் தின்ற தின்னலைப் பார்த்துச் சித்தப்பா மறுபடியும் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை.

அதற்கப்புறம் மளமளவென்று வளர்ந்தேன். பாவாடை கட்டினேன், பின்னல் இடுப்புக்கு வந்தது. நடுவில் அப்பா அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தகவல் வந்தது. அதன் பிறகும் அம்மை கிளம்பி வருவதற்கு வெகுகாலம் இழுத்தது. அவள் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றால் சித்தியின் முகம்தான் வந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருவழியாக வந்தாள். திருநெல்வேலி பஸ்ஸிலிருந்து, நரைத்துப்போய், வெள்ளைச் சேலையில் ஒரு பொம்பளை இறங்கினாள். சித்தி "எக்கா" என்று ஓடியதால்தான் அது அம்மை என்றே எனக்குத் தெரிந்தது. சித்தியை ஒரு கையால் அணைத்துக்கொண்டே அம்மையின் கண் சித்தப்பாவோடு நின்ற எங்கள் பக்கம் தேடியது. நேராக வந்து, அப்போது ஆறு வயசான சித்தி மகளை அப்படியே வாரித் தூக்கினாள். "என் தங்கமே, அம்மை வந்துட்டேன் மக்கா, அம்மை வந்துட்டேன்" என்று அதன் முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். அது பயந்துபோய்க் கைகாலை உதறியது. சித்தப்பா கூடச் சிரிக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்படியே திரும்பி வீட்டுக்கு ஓடியிருப்பேன். ஆனால் குழந்தை திமிறத் திமிற அம்மை விடாமல் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. கிட்டே போய் அவள் முந்தானையைப் பிடித்தேன்.

"எம்மா, அது சித்தி மக. நான் வளந்துட்டேன்."

ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரிதான் சொன்னேன்.