நுனி ஒடிக்காத வெண்டைக்காய்

சுனாமி வந்துபோனதற்கு அடுத்த கோடை அது. மாமல்லபுரத்துப் பக்கம் மீனைத் தொடவே ஜனங்கள் பயந்தார்கள். மீன் தின்றவர்களெல்லாம் காய்க்குத் திரும்ப, எங்கள் திருப்போரூரில் வெண்டைக்காய் விலை ஏறிக்கொண்டே போனது. அந்த விலையைத் திட்டிக்கொண்டிருந்த நாளில்தான் மகன் குமரன் என்னை லண்டனுக்கு அழைத்துக்கொண்டான். வந்ததும் முதலில் கண்ணில் பட்டது தெருச்சந்தைதான். தராசே இல்லை. பிளாஸ்டிக் கிண்ணங்களில் காயைக் குவித்து வைத்து, கிண்ணம் ஒரு பவுண்டு என்று கூவுகிறார்கள். அட, நம் ஊர்க் கூறு அல்லவா இது என்று மனசு குளிர்ந்தது. ஆனால் இந்தக் கூறில் கை வைக்கக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் குமரனின் ஆபீஸை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைத்தது. விசா பேப்பர் வந்தால்தான் சேர முடியும். அதுவரை சம்பளம் கிடையாது. மருமகள் செல்வி ஊரப்பாக்கத்துப் பெண், கெட்டிக்காரி. முதலில் தமிழ்க் கடை முருங்கைக்காயை நிறுத்தினாள், பிறகு பழத்தை, பிறகு பஸ்ஸில் போவதை. நானும் சந்தைக்கு வருகிறேன், பார்த்து வாங்கித் தருகிறேன் என்றேன். குமரனுக்கு அதில் இஷ்டமில்லை.

"நைனா, பேப்பர் கைக்கு வர்ற வரிக்கும் ஒரு பேஜாரும் வாணாம். போலீசு கீலீசுன்னு பேரு போச்சின்னா, அல்லாரும் பொட்டி கட்டிக்கினு ஊருக்குத்தான் போவணும்."

"வெண்டிக்கா வாங்கறதுல இன்னாடா பேஜாரு?" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

சிக்கனம் எனக்குப் புதிதல்ல. முற்றல் வெண்டைக்காய் வாங்குவது காசு கொடுத்து நார் வாங்குவது. கட்டைவிரலால் நுனியை அழுத்தினால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் முற்றல். திருப்போரூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கடை போட்டிருந்த முனியம்மாவிடம் எத்தனை வருஷம் அப்படி ஒடித்து ஒடித்து வாங்கியிருப்பேன்! கூறு வைத்திருந்தாலும் பிரித்துப் போட்டுப் பொறுக்குவேன். "ஒடிச்சுப் போட்டுப் போனா மிச்சத்த யாரு வாங்கறது, உன் மாமியாரா?" என்று கத்துவாள். கத்திக்கொண்டே, நான் பொறுக்கியதை என் பையில் போடுவாள். அது அவளுக்கும் எனக்கும் உள்ள வழக்கம். அவள் கத்தாவிட்டால்தான் உடம்புக்கு என்னவோ என்று கேட்பேன்.

ஆகவே, நாலைந்து நுனியை ஒடித்ததும் லண்டன் கடைக்காரன் கத்தியபோது நான் பயப்படவில்லை. "நோ டச்! நோ டச்!" என்றான். வியாபாரி என்றால் கத்தத்தானே செய்வான்? அடுத்த காயின் நுனியை அழுத்தினேன். வளைந்தது. அதை அவன் முகத்துக்கு நேராக நீட்டி, முற்றல் என்று காட்டினேன். இன்னொன்றையும் வளைத்துக் காட்டினேன். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். அவன் முகம் சிவந்துவிட்டது.

"மாமா, கைய எடுங்க! போலீஸக் கூப்பிடுறான்," என்றாள் செல்வி.

தெருமுனையில் நின்ற போலீஸ்காரன் மெதுவாக நடந்து வந்தான். அவன் நடந்து வந்த அந்தக் கொஞ்ச தூரம் எனக்கு முடியவே இல்லை. கடைக்காரன் நுனி போன காய்களைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். செல்வி இங்கிலீஷில் ஏதேதோ சொன்னாள். எங்கள் ஊரில் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று சொல்லியிருப்பாள். போலீஸ்காரன் பேனாவை எடுத்து, "நேம்?" என்றான். எனக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து இங்கிலீஷ் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. பேர் போனால் பெட்டி கட்ட வேண்டும். செல்வி என் முழங்கையைப் பிடித்தாள்.

நான் பேரைச் சொல்லவில்லை. ஒடிந்தது ஒடியாதது என்று பாராமல் அத்தனை கிண்ணம் வெண்டைக்காயையும் பையில் கவிழ்த்துக்கொண்டேன். செல்வியின் பர்ஸை வாங்கித் திறந்து கடைக்காரனிடம் நீட்டினேன். அவன் என்னையே பார்த்தான். "ஆல்?" என்றான். எல்லாம்தான் என்று தலையாட்டினேன். வாரத்துக் காய்ப் பணம் முழுக்க அவன் கைக்குப் போனது. அவன் போலீஸ்காரனிடம் ஏதோ முனகினான். பேனா சட்டைப்பைக்குள் திரும்பிப் போனது.

அந்த வாரம் வெண்டைக்காய்ப் பொரியல், வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, வெண்டைக்காய் மோர்க்குழம்பு. நுனி ஒடிந்த காய் தாங்காது என்பதால், மீதியை நறுக்கி மோரில் ஊறவைத்து, ஹீட்டர் மேல் துணி விரித்து வற்றல் போட்டோம். வீடே புளித்த வாடை அடித்தது. செல்விதான் விஷயத்தை உடைத்தாள். குமரன் சாப்பாட்டிலிருந்து நிமிராமல், "இனிமே கடப்பக்கமே போவாத நைனா," என்றான். திட்டியிருந்தால் தேவலை.

வற்றல் தீரும் முன்பே பேப்பர் வந்துவிட்டது. குமரன் வேலையில் சேர்ந்தான். எனக்கும் மறுபடி சந்தைக்குப் போக அனுமதி கிடைத்தது. கிண்ணத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்ளப் பழகினேன்.

இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போனேன். முனியம்மா அதே இடத்தில் இருந்தாள். பக்கத்துச் சுவரெல்லாம் மனை விற்கும் விளம்பரம். வெண்டைக்காய்க் கூறு ஒன்றை அப்படியே எடுத்துப் பையை நீட்டினேன்.

"இன்னா அண்ணாத்த, ஒடிச்சுப் பாக்காம அள்ளிக்கினு போற? சீமத்துட்டா?"

"கை வரமாட்டேங்குது முனியம்மா."

அவள் கத்தவில்லை. பையைப் பிடுங்கி, ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து, வளைந்ததைத் தள்ளிவிட்டு நல்லதைப் போட்டாள். விருந்தாளிக்குச் செய்வதுபோலச் செய்தாள். அதுதான் தாங்கவில்லை.

நான் சொல்லச் சொல்லச் செல்விதான் இதை எழுதுகிறாள். இப்போதும் சந்தைக்குப் போகிறேன். கோட்டுப் பைக்குள் கட்டைவிரல் தானாக மடங்கி எதையோ அழுத்துகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது இந்தப் பக்கம் விமானம் ஏறினால், காயைத் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். திருப்போரூர் போகிறவர்கள் முனியம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அடுத்த முறை நான் வரும்போது, ஒடித்துத் தர வேண்டாம், கத்தினால் போதும்.